நூறடி மௌனமும் சில கிறிஸ்துமஸ் பாட்டுகளும்

(டிசம்பர் முதல் வாரத்தில், எங்கள் சேரியின் பஜனைக் குழு இளைஞர்கள் கூட்டிய இரவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இந்த வருஷம் பஜனைக்கு என்னென்ன பாட்டுப் பாடலாம், நீங்க கவிதை எழுதுறவர்தானே, வழக்கமா பாடுறது இல்லாம வேற மாதிரி பத்துப் பாட்டு சொல்லுங்கண்ணே என்று தம்பிகள் கேட்டார்கள். பாட்டுப் பட்டியல்தானே, ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. நினைவுக்கு வந்தது பாட்டு இல்லை. மௌனம்.

உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். எனக்கு ஒன்பது வயசு. 1998 ஆக இருக்கலாம். மார்கழி மழை விட்டிருந்த இரவு. பெட்ரோமாக்ஸ் முன்னால் போகிறது. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் கட்டிய மாமா பின்னால் ஆடிக்கொண்டு போகிறார். நம் சேரி முழுக்க வீடு வீடாகப் பாடிவிட்டு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம் சனங்களின் குடிசைகளுக்குப் போக வேண்டும். வழி ஒன்றுதான், குடியானத் தெரு. தெரு முனைக்கு வந்ததும் பெரியவர் ஒருத்தர் கையைத் தூக்கினார். பாட்டு நின்றது. பெட்ரோமாக்ஸைத் தணித்தார்கள். ஆர்மோனியத்தைத் துண்டால் மூடினார்கள். செருப்புப் போட்டிருந்த ரெண்டு மூணு பேர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். மதகு வரைக்கும் ஒரு நூறடி இருக்கும். அந்த நூறடியும் சாவு ஊர்வலம் மாதிரி சத்தமில்லாமல் நடந்தோம். மதகைத் தாண்டியதும் விளக்கைத் தூண்டினார்கள், பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. உலகத்துக்கெல்லாம் மகிழ்ச்சி வந்துவிட்டது என்று பாடினோம்.

உலகத்துக்கெல்லாம் வந்த மகிழ்ச்சிக்கு அந்த நூறடியில் மட்டும் ஏன் வர முடியவில்லை என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தெரியாது. இன்றைக்குச் செருப்போடுதான் நடக்கிறோம், வண்டியும் ஓட்டுகிறோம். ஆனால் பஜனை போகும்போது பாட்டு அந்த முனையில் தானாகவே இறங்கிவிடுகிறது. யாரும் கையைத் தூக்க வேண்டியதில்லை. தொண்டைக்குப் பழகிவிட்டது. போன வருஷம்கூட நான் கவனித்தேன். ‘பண்டிகை நேரத்துல எதுக்குடா வம்பு’ என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம்.

எனவே மாற்றுக் கிறிஸ்துமஸ் பாட்டு என்றால் என்ன என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான் இருக்கிறது. அந்த நூறடியிலும் நிற்காத பாட்டு எதுவோ அதுதான் மாற்றுப் பாட்டு. மெட்டு புதுசா பழசா, தமிழா வெளிநாடா என்பதெல்லாம் அப்புறம்.

டிசம்பர் 25 என்றால் நமக்கு ஒரு தேதி மட்டும் இல்லை. 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மநுஸ்மிருதியைக் கொளுத்தினார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, நம்முடைய இதே கீழத்தஞ்சையில், கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டு, செங்கொடி பிடித்த குற்றத்துக்காக, ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேரைக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள். ஒரே தேதியில் இரண்டு நெருப்பு. ஒன்று நம்மை அடிமை என்று சொன்ன நூலை எரித்தது. இன்னொன்று நம்மையே எரித்தது. அந்த இரவிலும் இந்தக் கரையில் எத்தனையோ கோவில்களில் நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்திருக்கும், குடிலில் குழந்தை படுத்திருந்திருக்கும். வெண்மணிச் சனங்கள் கிறிஸ்தவர்கள் இல்லையே என்று சொல்வீர்களானால், பெத்லகேமில் ஏரோது கொன்ற குழந்தைகளும் கிறிஸ்தவர்கள் இல்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அந்தக் குழந்தைகளையும் சேர்த்துத்தான் மத்தேயு கிறிஸ்துமஸ் கதையை எழுதியிருக்கிறார். நாம்தான் பஜனையில் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகிறோம்.

சரி, இப்போது என்ன பாடிக்கொண்டிருக்கிறோம் என்று பார்ப்போம்.

நான் குமாஸ்தாவாக இருக்கிற வங்கிக் கிளையில் டிசம்பர் பிறந்தால் வாசலில் ஒரு பிளாஸ்டிக் மரம் வைத்து ‘ஜிங்கிள் பெல்ஸ்’ போட்டுவிடுவார்கள். நம் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் அதற்குத்தான் ஆடுகிறார்கள். அந்தப் பாட்டில் ஏசுவும் கிடையாது, கிறிஸ்துமஸ் என்ற சொல்லும் கிடையாது. பனியில் குதிரை வண்டி ஓட்டுகிற பாட்டு அது. 1857இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பியர்பாண்ட் என்பவர் போட்டது. முதலில் அரங்கேறியது பாஸ்டன் நகரத்தில், வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைப் போலக் கோணங்கித்தனம் செய்கிற மேடையில். பியர்பாண்டின் தகப்பனார் அடிமை முறையை எதிர்த்த போதகர். மகனோ உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையில் சேர்ந்தார். இது தெரிந்த பிறகு எனக்கு அந்த மணிச் சத்தம் வேறு மாதிரி கேட்கிறது. பிள்ளைகள் ஆடட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் நம் பஜனைக்கு அது எதற்கு?

அடுத்தது கீர்த்தனை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனை மரபின் பெரிய ஆள். பெரிய புலமை, சந்தேகமில்லை. மிஷனரிகள் கோவிலில் தமிழ் இசை வேண்டாம் என்று நெருக்கியபோது அதை எதிர்த்து நின்றார். நாம் அதற்குக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் அதே 1820களின் கடைசியில், எல்லாச் சாதியாரும் கலந்து உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்க வேண்டும் என்று அதே மிஷனரிகள் சொன்னபோது, அதையும் கொடுமை என்றே எழுதினார். தமிழ் இசை மறுக்கப்பட்டதும், சாதி கலந்து உட்காரச் சொன்னதும் அவர் கணக்கில் ஒரே பட்டியலில் வருகிற கொடுமைகள். அப்படியானால் அவர் காப்பாற்றிய தமிழ் இசை யாருடைய தமிழ் இசை? அதில் ராகம் இருந்தது, தாளம் இருந்தது, மிருதங்கம் இருந்தது. தப்பு இல்லை. நடவுப் பாட்டு இல்லை. சேரியின் தொண்டை அதில் இல்லை.

கீர்த்தனைகளைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கம்மா கீர்த்தனை பாடித்தான் என்னைத் தூங்க வைத்தாள். ஆனால் அவற்றைப் பாடும்போது, இந்தப் பந்தியில் நமக்கு இலை போட மறுத்தார்கள் என்ற நினைவோடு பாடுங்கள்.

இனி நான் பரிந்துரைக்கிற பாட்டுகள். பத்துப் பாட்டுக் கேட்டீர்கள். ஏழுதான் தேறின.

முதலாவது, எல்லாவற்றுக்கும் மூத்த பாட்டு, மரியாளின் பாட்டு. லூக்கா முதல் அதிகாரத்தில் இருக்கிறது. குழந்தை பிறக்கும் முன்பே பிறந்த கிறிஸ்துமஸ் பாட்டு அது. கல்யாணத்துக்கு முன்னே பிள்ளை உண்டான ஒரு கிராமத்துப் பொண்ணு, ஊர் என்ன பேசுமோ என்று நடுங்க வேண்டிய பொண்ணு, மலைநாட்டில் இருக்கிற சொந்தக்காரி வீட்டுக்குப் போய் நின்று பாடுகிறாள். என்ன பாடுகிறாள்? ஆட்சியில் இருப்பவன் கீழே விழுவான், தாழ்ந்தவன் மேலே வருவான், பசித்தவன் வயிறு நிறையும், பணக்காரன் வெறுங்கையோடு போவான் என்கிறாள். நம் குடிலில் நீலப் புடவை கட்டித் தலை குனிந்து நிற்கிற மாதாவா இப்படிப் பாடினாள் என்று தோன்றுகிறதல்லவா? இந்தப் பாட்டுக்கு நம் மெட்டு வேண்டும். நடவு வயலில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அந்த மெட்டு. தங்கச்சிகளும் அம்மாமாரும் சேர்ந்து இந்த வாரத்துக்குள் அதைக் கட்டிவிடலாம்.

இரண்டாவது, ‘சைலன்ட் நைட்’. என்னண்ணே, இதுவா மாற்றுப் பாட்டு என்பீர்கள். நானும் ரொம்ப நாள் அதை மெழுகுவத்திப் பாட்டு என்றுதான் ஒதுக்கி வைத்திருந்தேன். அதை எழுதியவரின் கதையைப் படித்த பிறகு மனசு மாறியது. ஜோசப் மோர் 1792இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரத்தில் பிறந்தவர். அம்மா ஊசி வேலை, பின்னல் வேலை செய்து பிழைத்த ஏழை. அப்பா ஒரு படைவீரன், விட்டுவிட்டுப் போய்விட்டான். கல்யாணமாகாமல் பிறந்த அந்தப் பிள்ளைக்கு ஞானத் தகப்பனாக நின்றவர் அந்த நகரத்தின் தூக்குத் தண்டனை நிறைவேற்றுகிறவர். அந்த நாட்களில் அங்கே அது தீட்டுத் தொழில். அந்தத் தொழில் செய்கிறவனோடு சமமாக உட்கார மாட்டார்கள். வெட்டியான் நிலைமைதான். அப்படிப்பட்ட பிறப்பு என்பதால் மோர் குருமடத்தில் சேரவே தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அவர் 1816இல் எழுதிய வரிகளுக்கு ஃபிரான்ஸ் குரூபர் என்ற பள்ளி வாத்தியார் மெட்டுப் போட்டார். 1818 டிசம்பர் 24 இரவு ஓபர்ன்டார்ஃப் என்ற ஆற்றங்கரை ஊரில், ஆர்கன் இல்லாமல், கிதாரோடு ரெண்டு பேரும் பாடினார்கள். தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை ஒருவன், தொழுவத்தில் பிறந்த பிள்ளைக்குப் பாடிய தாலாட்டு அது. அதைத் தெரிந்துகொண்டு பாடினால் போதும், மெட்டை மாற்ற வேண்டியதில்லை.

மூன்றாவது, ‘ஓ ஹோலி நைட்’. 1847இல் பிளாசிட் கப்போ என்ற பிரெஞ்சுக்காரர், சாராய வியாபாரி, எழுதிய கவிதை. இசை அடோல்ஃப் ஆடம். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்தது 1848இல்தான். அதற்கு முந்தின வருஷமே, சங்கிலி அறுபடுகிறது, அடிமையாய் இருந்தவன் உடன்பிறந்தவன் ஆகிறான் என்று ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு சொல்லிவிட்டது. 1855இல் இதை ஆங்கிலத்தில் ஆக்கிய ஜான் சலிவன் டுவைட் அடிமை முறையை எதிர்த்தவர். அமெரிக்காவில் போர் மூள்வதற்கு ஆறு வருஷம் முன்பு அது. நான் நகரத்தில் கொஞ்ச காலம் பாடிய ஒரு பாடகர் குழுவில் இந்தப் பாட்டை அடிக்கடி பாடுவோம். நேரமில்லை என்று சொல்லி விட்டுவிடுகிற அடி எப்போதும் அந்த அடிதான். நீங்கள் நேரமில்லையென்றால் முதல் அடியை விடுங்கள். சங்கிலி அடியை விடாதீர்கள்.

நான்காவது, ‘கோ டெல் இட் ஆன் த மவுண்டன்’. மலைமேல் ஏறிச் சொல்லு என்று பொருள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு, எழுதியவர் பெயர் கிடையாது. அடிமைக் குடிசைகளில் வாய்வழியாக வந்ததை, நாஷ்வில் நகரத்தின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் வெஸ்லி வொர்க் என்ற கறுப்பின ஆசிரியர் திரட்டி அச்சில் ஏற்றினார். ஆனால் நான் இதைச் சொல்லக் காரணம் ஃபேனி லூ ஹேமர். மிசிசிப்பியில் பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழைத்த குடும்பத்தில் இருபதாவது பிள்ளை. 1962 ஆகஸ்டு 31 அன்று வாக்காளராகப் பதிவு செய்யப் போனார். அன்றைக்கே பண்ணைக்காரன் வேலையிலிருந்தும் வீட்டிலிருந்தும் துரத்தினான். போய்வந்த பேருந்தில் எல்லோரும் பயந்து கிடந்தபோது, இந்த அம்மா பாடத் தொடங்கினார். அடுத்த வருஷம் சிறையில் அடித்து நொறுக்கினார்கள். அதற்குப் பிறகும் பாடினார். ஏசு பிறந்த பாட்டோடு, மோசே தன் சனங்களை விடுவிக்கச் சொன்ன கதையைச் சேர்த்துப் பாடினார். கிறிஸ்துமஸ் பாட்டு வாக்குரிமைப் பாட்டு ஆகிவிட்டது. ஒரு பாட்டை நம் வசதிக்கு மாற்றலாமா என்று கேட்கிறவர்களுக்கு அந்த அம்மாதான் பதில்.

ஐந்தாவது, நிகராகுவா நாட்டுப் பாட்டு. பேர் ‘பலக்ககுவீனாவின் கிறிஸ்து’. கார்லோஸ் மெஹியா கோடாய் எழுதிப் பாடியது. பலக்ககுவீனா என்பது அந்நாட்டின் வடக்கே உள்ள ஒரு சாதாரண ஊர். ஏசு அங்கேதான் பிறக்கிறார். அம்மா மரியா நிலச்சுவான்தார் வீட்டம்மாவின் துணிகளை இஸ்திரி போடப் போகிறாள். அப்பா கூலிக்காரர், உடம்பெல்லாம் வலி. பையன் அப்பா மாதிரி தச்சன் ஆகவேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. பையனோ, பெரியவனானதும் போராளியாகப் போகிறேன் என்று நினைக்கிறான். சர்வாதிகாரி சொமோசாவின் காலத்தில் பிறந்த பாட்டு அது. 1979இல் சொமோசா ஓடினான். ஆனால் அந்தப் புரட்சியைப் பாடிய அதே பாடகர் 2018இல், அந்தப் புரட்சியின் பெயரால் ஆண்ட அரசுக்கு அஞ்சி நாட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. இதையும் சொல்லாமல் விட்டால் உங்களிடம் பாதி உண்மை பேசியவனாவேன். பாட்டு நாற்காலிக்குச் சொந்தமில்லை என்பது எனக்கு அதில் கிடைத்த பாடம். ஸ்பானிஷ் நமக்கு வாயில் வராது. ஆனால் அந்த யோசனையைத் திருடலாம். நம் மரியா யார் வீட்டில் துணி துவைக்கிறாள், நம் சூசை எந்தச் செங்கல் சூளையில் இருக்கிறார், பிரசவ வலி வந்தபோது எந்த ஆஸ்பத்திரி வாசலில் இடமில்லை என்றார்கள் என்று நம் பாட்டை நாமே எழுதலாம்.

ஆறாவது, பறட்டை அண்ணன் என்று நம் சனங்கள் அழைத்த தியாபிலஸ் அப்பாவுவின் கிராமிய இசை வழிபாடு. மதுரை அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் சொன்னவர். 2005இல் மறைந்தார். நான் நேரில் பார்த்ததில்லை. அவர் செய்த காரியம் பெரிசு. ஆராதனை முழுவதையும் நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில் போட்டார். கடவுளைத் தகப்பன் என்று மட்டும் கூப்பிடாமல், பெற்றவர் என்று, தாயும் சேர்ந்து வருகிற மாதிரி கூப்பிட வைத்தார். எல்லோரும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாய்ச் சாப்பிடுவதுதான் நற்கருணை என்பது அவர் இறையியல். சாஸ்திரியார் எதிர்த்த அந்த ஒரே பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள், இது எங்கே போய் இடிக்கிறது என்று தெரியும். இன்னொன்று, நாட்டுப்புறப் பாட்டைப் பாடுகிறவர்கள் தங்கள் வாழ்க்கைக்கு ஏற்ப மாற்றிப் பாடலாம், மாற்ற வேண்டும் என்றார். நம் பஜனைக்கு இதைவிட வேறு அனுமதிக் கடிதம் தேவையில்லை.

ஏழாவது, கிறிஸ்துமஸ் பாட்டே இல்லை. இன்குலாப் எழுதி, கே.ஏ. குணசேகரன் மேடை மேடையாகப் பாடிய ‘மனுசங்கடா’. ரெண்டு பேருமே 2016இல் போய்விட்டார்கள். கடவுள் மனுசனானார் என்பதுதானே கிறிஸ்துமஸ்? நாங்களும் மனுசங்கதான் என்று சொல்ல வேண்டிய நிலையில் ஒரு சனம் இருக்கும் நாட்டில், அந்தப் பாட்டைவிடப் பொருத்தமான கிறிஸ்துமஸ் பாட்டு எனக்குத் தெரியவில்லை. அதை நாம் டிசம்பர் 25 இரவில் வெண்மணியை நினைத்துப் பாட வேண்டும்.

கடைசியாக, தப்பு விஷயம். இந்த வருஷம் பஜனையில் தப்படிக்க வேண்டும் என்று தம்பிகள் கேட்டதும், கோவில் கமிட்டி ‘அது சாவு மேளம்’ என்று மறுத்ததும் எல்லோருக்கும் தெரியும். கமிட்டியோடு வாதாடுவது எளிது. எங்கம்மாவோடு வாதாடுவது கஷ்டம். நேற்றிரவு சோறு போடும்போது அம்மா கேட்டாள்:

‘ஒங்க தாத்தா ஞானஸ்நானம் வாங்குன அன்னைக்கித் தப்பக் கொண்டுபோய்க் கெணத்துல போட்டாரு. இனிமே எவன் வூட்டு எழவுக்கும் போவ மாட்டேன்னு போட்டாரு. கெணத்துல போட்டத நீங்க ஏண்டா எடுக்கறீங்க?’

இந்தக் கேள்வியை மேட்டிமைக் கேள்வி என்று தள்ளிவிட எனக்கு நெஞ்சில்லை. தப்பைக் கிணற்றில் போட்டதுதான் தாத்தா செய்த கலகம். அந்தக் கலகத்தை மதிக்காமல் நம் கலகத்தைச் செய்ய முடியாது. நான் அம்மாவுக்குச் சொன்னது இதுதான்: தாத்தா கிணற்றில் போட்டது தோலையும் கட்டையையும் இல்லம்மா, ‘டேய், வாடா’ என்று கூப்பிட்ட குரலைத்தான். எங்களை யாரும் கூப்பிடவில்லை. எங்க வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, நாங்க அடிக்கிறோம்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ‘அப்ப ஒண்ணு செய்யி. அடிக்கிறவன் எவனும் நாளைக்கி அவங்க கூப்புட்டா போவக் கூடாது. காசு குடுத்தாலும் போவக் கூடாது. சத்தியம் பண்ணிட்டு அடிங்க’ என்றாள். தம்பிகளே, அந்தச் சத்தியத்தை இந்தக் கூட்டத்தில் முன்வைக்கிறேன். அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் கையில் எடுக்கிறவர்கள் எங்கம்மா முன்னால் வந்து சொல்லிவிட்டு எடுங்கள். அடிக்க மாட்டேன் என்கிற பெரியவர்களை யாரும் கேலி பேசக் கூடாது.

பாட்டு வரிசையை இப்படி வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. சேரியில் தொடங்கும்போது மரியாளின் பாட்டு. வீட்டு வாசல்களில் பறட்டை அண்ணன் பாட்டுகள், அம்மாமார் கேட்கிற கீர்த்தனைகள், நாம் எழுதப்போகிற புதுப் பாட்டு. குடியானத் தெரு முனைக்கு வரும்போது விளக்கைத் தணிக்க வேண்டாம். யாரையும் திட்ட வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம். அது அரசாங்கச் சாலை. எந்தப் பாட்டு வாயில் இருக்கிறதோ அதே பாட்டை அதே சுருதியில் பாடிக்கொண்டு நடப்போம். பெண்களும் பிள்ளைகளும் நடுவில், பெரியவர்கள் முன்னால். நான் முன்வரிசையில் வருகிறேன். எனக்கும் பயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

மதகைத் தாண்டியதும் ஒரு நிமிஷம் நிற்போம். வெண்மணியின் 44 பேருக்காக. அது நாமாகத் தேர்ந்துகொண்ட மௌனமாக இருக்கட்டும். அப்புறம் தப்பைக் காய்ச்சி ‘மனுசங்கடா’ எடுப்போம்.

ஜெய்பீம். எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.